காற்றிலும் ஒரு சேரி

'5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை ஏற்காத பழைய கருவிகள் வரும் முதல் தேதியிலிருந்து வளாக வைஃபையில் அனுமதிக்கப்பட மாட்டாது. பழைய கருவிகளால் ஒட்டுமொத்த வளாகத்தின் வேகமும் பாதிக்கப்படுவதால் இம்முடிவு எடுக்கப்பட்டுள்ளது. மாணவர்கள் ஒத்துழைக்கவும்.'

திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியின் சுற்றறிக்கை இது. கல்லூரியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் விவகாரம் அந்தக் கல்லூரியோடு முடிந்துவிடும். 'எங்க காலேஜ்ல அப்படி இல்ல' என்று மற்றவர்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். படிக்கிற தோழர்கள் அவரவர் கல்லூரியின் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். பெரும்பாலும் பொருந்தும்.

அந்த வாக்கியத்தை இன்னொரு தரம் படியுங்கள். 'பழைய கருவிகளால் ஒட்டுமொத்த வளாகத்தின் வேகமும் பாதிக்கப்படுவதால்.' இதை நாம் எங்கேயோ கேட்டிருக்கிறோம். நீங்கள் தொட்டால் தண்ணீர் கெட்டுப்போகும். நீங்கள் உள்ளே வந்தால் கோயில் கெட்டுப்போகும். இட ஒதுக்கீட்டில் நீங்கள் வந்தால் தரம் கெட்டுப்போகும். இப்போது நீங்கள் கனெக்ட் பண்ணினால் வேகம் கெட்டுப்போகும்.

சாதி என்ற சொல் சுற்றறிக்கையில் எங்கேயும் கிடையாது. இருக்கவும் இருக்காது. அந்தச் சொல் இல்லாமலே வேலையை முடிக்கத் தெரிந்த எழுத்து அது.

என் அக்கா மகன் அங்கே பி.எஸ்சி. இரண்டாம் வருஷம் படிக்கிறான். சிவகிரியிலிருந்து சங்கரன்கோவில் வழியாக பஸ் ஏறிப் போய் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற பையன். அவன் கையில் இருப்பது அரசாங்கம் கொடுத்த இலவச லேப்டாப். அவனுக்குக் கொடுத்ததல்ல, அவன் அண்ணன் பிளஸ் டூ முடித்தபோது கொடுத்தது. 2011-ல் ஜெயலலிதா ஆட்சியில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்புகள் அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளின் கைக்கு வந்தன. எங்கள் தெருவில் கம்ப்யூட்டர் என்ற ஒன்று வீட்டுக்குள் நுழைந்ததே அப்போதுதான். கருணாநிதி கொடுத்த டிவிக்கு அடுத்தபடி எங்கள் ஆட்கள் துணி போட்டு மூடிவைத்த பொருள் அது. பேட்டரி போய்விட்டது, கரண்டில் சொருகித்தான் ஓட்ட வேண்டும். கீபோர்டில் இரண்டு எழுத்து விழாது. ஆனாலும் ஓடுகிறது. அண்ணன் டிப்ளமோ முடித்தது அதில்தான். தம்பி இப்போது ப்ரோகிராம் எழுதுவதும் அதில்தான்.

சுற்றறிக்கை வந்த அன்றைக்கு ராத்திரி போன் பண்ணினான்.

"மாமா, இந்த லேப்டாப்ப வச்சிக்கிட்டு இனிமே ஒண்ணும் பண்ண முடியாதாம். புதுசு வாங்கிக்கிடுங்கங்காவ. அம்மைட்ட சொல்லிராதிய."

அவன் சொல்லாவிட்டால் அக்காவுக்குத் தெரியாதா? மறுநாள் காலையில் கம்மலைக் கழற்றித் தாளில் மடித்துக்கொண்டு என் வீட்டு வாசலில் நிற்கிறாள். "ஏல தம்பி, இத ஒன் பேங்குல வச்சா எவ்வளவுல குடுப்பாவ?"

நான் வங்கியில் குமாஸ்தா. நகைக்கடன் கவுண்டரில் இப்படித் தாளில் மடித்துவந்த கம்மல்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆஸ்பத்திரிக்கு வரும், காலேஜ் ஃபீஸுக்கு வரும், கல்யாணத்துக்கு வரும். ஒரு கல்லூரியின் வைஃபை ரௌட்டரில் யாரோ ஒரு சதுரத்தில் டிக் அடித்ததற்காக ஒரு கம்மல் அடகுக்கு வருவதை முதல் முறையாகப் பார்த்தேன். "இரி, பாத்துட்டுச் சொல்லுதேன்" என்று அவளை அனுப்பிவிட்டு ஞாயிற்றுக்கிழமை அந்த ஹாஸ்டலுக்குப் போனேன். அதற்குப் பிறகு மூன்று வாரமாக இந்த வைஃபை சமாச்சாரத்தைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். கவிதை எழுதவில்லை. நஷ்டம் ஒன்றும் இல்லை.

முதலில் அவர்கள் சொல்வதில் இருக்கிற உண்மையை ஒப்புக்கொள்வோம். எதிரி சொல்வதெல்லாம் பொய் என்று ஆரம்பித்தால் பாதி வழியிலேயே மாட்டிக்கொள்வோம்.

வைஃபை என்பது பொதுக்காற்று. ஒரே சானலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை காத்திருந்துதான் அடுத்தவர் வாயைத் திறக்க வேண்டும். எங்கள் கவுண்டர் மாதிரி. ஒரே ஜன்னல். முறை வந்தால் ஆளுக்கு ஒரு சலான். மூன்று பேருக்கு ஆளுக்கு ஒரு நிமிஷத்தில் வேலை முடிகிறது. நாலாவதாக நூறுநாள் வேலைக் கூலி எடுக்க ஒரு கிழவி. மண்வெட்டி பிடித்து ரேகை தேய்ந்த விரல். மெஷின் எடுக்கவே மாட்டேன் என்கிறது. துடைத்து, ஊதி, எண்ணெய் தடவி இருபது நிமிஷம். ஆக ஒரு சுற்று முடிய இருபத்துமூன்று நிமிஷம். மற்ற மூன்று பேருக்கும் அந்த இருபத்துமூன்று நிமிஷத்தில் ஒரு சலான்தான் முடியும். கிழவியின் வேகமே எல்லோருடைய வேகமும் ஆகிவிடுகிறது. வரிசையில் முணுமுணுப்பு கிளம்பும்: 'இதுகளாலதான் லேட்டாகுது.'

வைஃபையில் இதைக் கணக்குப் போட்டுக் காட்டியது 2003-ல். பிரான்சில் கிரெனோபிள் நகரத்து ஆய்வாளர்கள், மார்ட்டின் ஹூஸ் முதலான நான்கு பேர். 802.11பி என்கிற, நொடிக்கு 11 மெகாபிட் வேகமுள்ள பழைய வைஃபையில் ஒரே ஒரு கருவி 1 மெகாபிட்டுக்கு இறங்கினால், மற்றக் கருவிகள் எல்லாமே 1 மெகாபிட்டுக்கும் கீழே இழுக்கப்படும் என்று காட்டினார்கள். சுற்றறிக்கை எழுதியவர்கள் இந்தக் கட்டுரையைப் படித்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. ஆனால் அவர்கள் சொல்வதன் வேர் அங்கேதான் இருக்கிறது.

சரி. இப்போது நம்முடைய கேள்வி. மெதுவாகப் பேசுகிற அந்த ஒருவன் ஏன் மெதுவாகப் பேசுகிறான்?

பழையவன் என்பதாலா? அந்தக் கட்டுரை அப்படிச் சொல்லவில்லை. அதில் எல்லாம் ஒரே ரகக் கருவிகள்தான். தூரத்தில் இருக்கிறவன் மெதுவாகப் பேசுகிறான். சிக்னல் நலிந்தால் கருவி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தூரத்தில் நிற்கிறவனிடம் நாம் நிறுத்தி நிதானமாகக் கத்திப் பேசுவதில்லையா, அந்த மாதிரி. இதைச் சோதித்துப் பார்க்கப் பெரிய படிப்பு தேவையில்லை. நானும் பையன்களுமாகச் செய்தோம்.

லைப்ரரிக்குள், கூரையில் மாட்டியிருக்கிற ஆக்சஸ் பாயிண்டுக்கு நேர் கீழே: அக்கா மகனின் பழைய லேப்டாப் காட்டிய இணைப்பு வேகம் 65 மெகாபிட். அவன் அறைத் தோழனின் புத்தம்புதுப் போன் 433. அப்படியே இரண்டையும் தூக்கிக்கொண்டு ஹாஸ்டலின் பின் பிளாக்குக்குப் போனோம். லேப்டாப் ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையில் இழுத்துக்கொண்டு கிடந்தது. புதுப் போன்? 5 கிகாஹெர்ட்ஸ் தலையையே காட்டவில்லை, 2.4-ல் தொற்றிக்கொண்டு 6 மெகாபிட். பின் பிளாக்கில் உட்கார்ந்த புதுக் கருவியைவிட லைப்ரரியில் உட்கார்ந்த பழைய கருவி பத்து மடங்கு வேகமாகப் பேசுகிறது!

அப்படியானால் வளாகத்தின் வேகத்தைக் கெடுப்பது எது? கருவியின் வயசா, கருவி இருக்கிற இடமா?

மெயின் பிளாக்கில் மாடிக்கு நாலு ஆக்சஸ் பாயிண்ட். முதல்வர் அறைக்குத் தனியாக ஒன்று. முன் பிளாக் ஹாஸ்டலில் வராந்தாவுக்கு ஒன்று. பின் பிளாக்கில் ஒன்றுகூடக் கிடையாது. மெஸ் ஹாலில் மாட்டியிருப்பதிலிருந்து ஒழுகிவருவதுதான் அங்கே. மேல்குழாயில் நிரம்பி வழிந்தால் கீழே நாம் ஏந்திக்கொள்ளலாம் என்கிற பழைய ஏற்பாடு.

பின் பிளாக்கில் இருப்பது யார்? 'எல்லாரும் கலந்துதான் இருக்காங்க, நாங்க சாதி பாத்து ரூம் குடுக்கிறது இல்ல' என்றார் வார்டன். உண்மைதான், பார்ப்பதில்லை. மெஸ் அட்வான்ஸ் கட்டியவர்களுக்கு முதலில் ரூம். ஸ்காலர்ஷிப்பை நம்பி இருக்கிறவன் ஸ்காலர்ஷிப் வந்த பிறகுதான் கட்டுவான். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் 2020 டிசம்பர் மந்திரிசபை முடிவுப்படி மத்திய அரசு அறுபது பங்கு, மாநிலம் நாற்பது பங்கு, நேரடியாகக் கணக்கில் ஏறும். எப்போது ஏறுகிறது என்பதைப் பாஸ்புக் என்ட்ரி போடும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதற்குள் முன் பிளாக் நிரம்பிவிடும். ஆகவே பின் பிளாக்கில் நாற்பத்தாறு பையன்கள், அதில் நம் பையன்கள் நாற்பத்தொன்று. மிச்சம் ஐந்து பேர் மற்றச் சாதியில் பிறந்த ஏழைகள். யாரும் யாரையும் 'நீ அங்கே போ' என்று சொல்லவில்லை. அட்வான்ஸ் ரசீது சொல்லிவிட்டது. ஊருக்கு வெளியே சேரி அமைய ஒரு காலத்தில் மனுதர்மம் வேண்டியிருந்தது. இப்போது ரசீது புத்தகம் போதும்.

முதலில் தூரத்தில் வை. தூரத்தில் வைத்ததால் அவன் குரல் நலியும். நலிந்த பிறகு, 'இவன் பேச்சு இழுவை, இவனால் சபை கெடுகிறது' என்று சொல். கடைசியில் வெளியேற்று. தகுதி, திறமை என்று இவர்கள் நீட்டி முழக்குகிற மொத்தச் சொல்லாடலும் இவ்வளவுதான். அதை இவ்வளவு சின்ன மாதிரியில், கூரையில் மாட்டிய ஒரு வெள்ளைத் தட்டில் பார்க்கக் கிடைத்தது என் பாக்கியம்.

இன்னொரு சங்கதியும் அன்றைக்குத் தெரிந்தது. போனில் வைஃபை பட்டியலை விரித்தால் அந்தக் கல்லூரியின் பெயர் ஆறு விதமாக வருகிறது. ஸ்டாஃபுக்கு ஒன்று, ஆபீசுக்கு ஒன்று, பரீட்சைப் பிரிவுக்கு ஒன்று, விருந்தினருக்கு ஒன்று, மாணவர்களுக்கு ஒன்று. ஆறாவது நாக் குழு வந்தபோது அவர்களுக்கென்று போட்டது. குழு வந்து, சாப்பிட்டு, கிரேடு கொடுத்துவிட்டுப் போய்விட்டது. பெயர் மட்டும் இன்னும் காற்றில் கத்திக்கொண்டிருக்கிறது.

கத்துகிறது என்பது உவமை அல்ல. ஒவ்வொரு பெயரும் 'நான் இங்கே இருக்கிறேன்' என்று நொடிக்குச் சுமார் பத்து தடவை அறிவிக்கும். அந்த அறிவிப்பு அனுமதிக்கப்பட்டதிலேயே மிகக் குறைந்த வேகத்தில் போகும். 1 மெகாபிட் என்றால் ஒரு அறிவிப்புக்கு ஏறக்குறைய இரண்டரை மில்லிநொடி. மெஸ் ஹால் பக்கம் ஒரே சானலில் மூன்று ஆக்சஸ் பாயிண்ட் கேட்கின்றன. ஆறு பெயர், மூன்று பெட்டி, பத்து தடவை: நொடிக்கு நூற்றெண்பது அறிவிப்பு. பெருக்கினால் ஒரு நொடியில் 450 மில்லிநொடி. யாரும் ஒரு எழுத்துக்கூட அனுப்புவதற்கு முன்னால், கிட்டத்தட்டப் பாதிக் காற்றை நிர்வாகத்தின் பெயர்ப்பலகைகள் தின்றுவிடுகின்றன. மிச்சப் பாதியில் நாற்பத்தாறு பையன்கள். குற்றவாளி யாராம்? ஓட்டை லேப்டாப்!

பட்டியலில் இன்னும் கீழே போனால் மாணவர்களின் ஹாட்ஸ்பாட் பெயர்கள். ஆண்ட பரம்பரை, சிங்கக்குட்டி, அப்புறம் நேரடியாகவே சாதிப் பெயர்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளிக்கூடத்துப் பையன்கள் சக மாணவனை வீடு புகுந்து வெட்டிய பிறகு அரசு நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு போட்டது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கையில் கலர் கயிறு கட்டக்கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. கயிறு கையிலிருந்து இறங்கிக் காற்றில் ஏறிவிட்டது. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சானல் மூன்றே மூன்று: 1, 6, 11. அந்த மூன்றுக்குள்தான் இந்த வீரப்பிரதாபங்களும் புகுந்து நெருக்குகின்றன. சுற்றறிக்கையில் இதைப்பற்றி ஒரு வரி? மூச்.

நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிற தம்பியைச் சந்தித்தோம். அவரை வில்லனாக எழுதினால் கட்டுரை சூடாக இருக்கும், ஆனால் அது அயோக்கியத்தனம். தொகுப்பூதியத்தில் இருக்கிற ஆள். பாவம், ப்ரொஜெக்டர் ஒயரும் அவரேதான், ஆபீஸ் பிரிண்டரும் அவரேதான்.

"சார், மீட்டிங்ல ஸ்பீடு இல்லன்னு என்னயத்தான் நிக்க வச்சுக் கேக்காங்க. கம்பெனிக்காரன்ட்ட கேட்டேன், 2.4-அ ஆஃப் பண்ணிருங்க, பழசெல்லாம் தானா கழண்டுரும்னான். நா என்ன சார் செய்யட்டும்?"

"2.4-அ ஆஃப் பண்ணுனா பழசு மட்டுமா கழலும்? பின் பிளாக்ல புதுப் போனே அதுலதான தொங்கிக்கிட்டு இருக்கு?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "ஆமா சார்" என்றார்.

5 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டுவதில் நோஞ்சான். 2.4 தாண்டுகிற அளவுக்கு அது தாண்டாது. ஆகவே இந்தச் சுற்றறிக்கை கருவியைப் பார்த்து வெளியேற்றவில்லை, இடத்தைப் பார்த்து வெளியேற்றுகிறது. கம்மலை அடகு வைத்து அக்கா புது லேப்டாப் வாங்கிக் கொடுத்தாலும் பின் பிளாக்கில் அது வேலை செய்யாது. இதைச் சுற்றறிக்கை போட்டவர்களும் சோதித்துப் பார்க்கவில்லை. சோதிக்க வேண்டுமானால் பின் பிளாக்குக்கு வர வேண்டும். அவர்கள் எப்போது வந்தார்கள்?

சரி, மாற்று என்ன என்பார்கள். இருக்கிறது, பெரும்பாலும் காசில்லாமலே இருக்கிறது.

எங்கள் கவுண்டருக்கே திரும்புவோம். ஆளுக்கு ஒரு சலான் என்பதை மாற்றி ஆளுக்கு ஐந்து நிமிஷம் என்று வையுங்கள். வேகமானவர்கள் அவரவர் ஐந்து நிமிஷத்தில் ஐந்து சலான் முடித்துக்கொள்வார்கள். கிழவிக்கும் அதே ஐந்து நிமிஷம். அவளால் யாருக்கும் நஷ்டமில்லை. வைஃபையில் இதற்கு ஏர்டைம் ஃபேர்னஸ் என்று பெயர், காற்றுநேரத்தைச் சமமாகப் பிரிப்பது. 2017-ல் சுவீடனின் கார்ல்ஸ்டாட் பல்கலைக்கழகத்து டோக்கே ஹொய்லாண்ட்-யோர்கென்செனும் தோழர்களும் இதை லினக்ஸுக்கு எழுதிக்கொடுத்தார்கள். மெதுவான கருவி ஒன்று கூட்டத்தில் இருக்கும்போதே மொத்த வேகம் ஐந்து மடங்கு வரை கூடியது, காத்திருப்பு பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது என்று அளந்து காட்டினார்கள். யாரையும் வெளியேற்றாமல்! இலவச மென்பொருள். விலைக்கு விற்கிற கம்பெனிகளின் பெட்டிகள் பலவற்றிலும் இந்த வசதி உண்டு. அந்தக் கல்லூரியின் பெட்டியிலும் இருந்தது. அணைத்துக் கிடந்தது.

இங்கே ஒரு நேர்மை வேண்டும். நேரத்தைச் சமமாகப் பிரித்தால் கிழவிக்கு முன்பைவிடத் தாமதமாகும். முன்பு இருபத்துமூன்று நிமிஷத்துக்கு ஒரு சலான் முடிந்தது. இப்போது நாலு சுற்று, எண்பது நிமிஷம். அவளுடைய பங்கு அவளுக்கு உரிமையாகக் கிடைக்கிறது, இனி யாரும் முணுமுணுக்க முடியாது, ஆனால் தேய்ந்த விரல் தேய்ந்த விரலாகவே இருக்கிறது. அதனால் பங்கு மட்டும் கேட்டால் போதாது. அவளுக்கு நல்ல மெஷின் வை. பின் பிளாக்கில் ஆக்சஸ் பாயிண்ட் மாட்டு. இட ஒதுக்கீட்டை வாங்கிக்கொண்டு நிலத்தைக் கேட்காமல் விட்ட நம் சொந்தக் கதையும் இதில் இருக்கிறது. அதை வேறொரு இதழில் பேசுவோம்.

1, 2, 5.5, 11 என்ற அந்தப் பழைய 802.11பி வேகங்களை அணைக்கலாமா என்று அந்தத் தம்பி கேட்டார். அணைக்கலாம், அணைக்கத்தான் வேண்டும். 1999-ல் வந்த அந்த வேகத்தை மட்டுமே நம்பி இருக்கிற கருவி பின் பிளாக்கில் ஒன்றுகூட இல்லை. நான் கையில் எடுத்துப் பார்த்த இலவச லேப்டாப்புகள் எல்லாம் 802.11என், அது 2009-ல் வந்தது. பழசு என்பதற்காக எல்லாப் பழசையும் கட்டி அழுகிற ஆள் நான் இல்லை. அணைத்தால் குறைந்தபட்ச வேகம் 6 மெகாபிட் ஆகும், பெயர்ப்பலகைக் கூச்சல் பெருமளவு அடங்கும். ஆனால் அதே நொடியில் தூரத்தில் இருக்கிறவன் கழன்றுவிடுவான், அவன் ஒன்றிலும் இரண்டிலும்தானே ஊர்ந்துகொண்டிருக்கிறான். ஆகவே வரிசை முக்கியம். முதலில் பின் பிளாக்கில் இரண்டு பெட்டி மாட்டு. ஆறு பெயரை இரண்டாக்கு. காற்றுநேரத்தைச் சமமாக்கு. அதற்குப் பிறகு பழைய வேகத்தை அணை. புதுக் கருவிகளை 5-க்குத் தள்ளு, 2.4-ஐப் பழையவற்றுக்காகத் திறந்து வை. இந்த வரிசையைத் தலைகீழாக்கி, அணைப்பதை மட்டும் முதலில் செய்தால் அதற்குப் பெயர் தொழில்நுட்பம் இல்லை, விலக்கிவைத்தல்.

1927 மார்ச் 20-ல் மகாத் சவுதார் குளத்தில் அம்பேத்கர் தண்ணீர் அள்ளினார். அந்தக் குளத்தை எல்லோருக்கும் திறந்து நகராட்சி தீர்மானம் போட்டு அப்போதே சில வருஷம் ஆகியிருந்தது. தீர்மானம் இருந்தது, தண்ணீர் இல்லை. அள்ளிய பிறகு சாதி இந்துக்கள் 108 குடம் பால், தயிர், சாணி, கோமியம் ஊற்றிக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். பம்பாய் உயர்நீதிமன்றம் 1937-ல்தான் நம் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மாணவர் கையேட்டில் 'வளாகம் முழுவதும் வைஃபை வசதி உண்டு' என்று அச்சடித்திருக்கிறது. அதுவும் தீர்மானம்தான். நாக் படிவத்திலும் இணைய இணைப்பின் அகலத்துக்கு ஒரு கேள்வி உண்டு. வாசலுக்கு எவ்வளவு வருகிறது என்று கேட்பார்கள். பின் பிளாக்குக்கு எவ்வளவு போகிறது என்று கேட்பதில்லை. அரசு நலவிடுதிகளுக்கு 2025 ஜூலையில் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் மாற்றினார்கள். பெயர் நன்றாகத்தான் இருக்கிறது. பட்டியலில் இன்னொரு பெயர்.

நம் இயக்கத் தோழர்களோடும் ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. இதைச் சொன்னதும் ஒரு மூத்த தோழர் சிரித்தார். "ஊர்ல கொலை விழுது, மலக்குழியில ஆள் சாவுது, நீங்க வைஃபை வைஃபைன்னுட்டுத் திரியுறீங்களே தம்பி." அவர் மீது எனக்கு மரியாதை உண்டு. ஜெயிலுக்குப் போனவர், நான் போனதில்லை. ஆனாலும் சொல்கிறேன் அண்ணே: 2020 ஜூன் 1, கேரளாவில் ஆன்லைன் வகுப்பு தொடங்கிய முதல் நாள். மலப்புரம் மாவட்டத்தில் ஒரு தலித் பள்ளி மாணவி செத்துப்போனாள். வீட்டு டிவி ரிப்பேர், ஸ்மார்ட்போன் இல்லை. கூலிக்காரத் தகப்பனிடம் ரிப்பேர் பார்க்கக் காசு இல்லை. இதையும் கொலைக் கணக்கில் எழுதாமல் எந்தக் கணக்கில் எழுதுவது? அதே கேரளாவில் 2019 செப்டம்பரில், ஹாஸ்டலில் போன் பயன்படுத்தக் கட்டுப்பாடு போட்டதை எதிர்த்து ஃபஹீமா ஷிரின் என்ற மாணவி போட்ட வழக்கில், இணையத்தை அணுகுவது கல்வி உரிமையின் பகுதி என்று உயர்நீதிமன்றம் சொன்னது. ஒரு மாணவிக்கு அது போராட்டமாகத் தெரிந்தது. நமக்கு ஏன் இது நடுத்தர வர்க்கத்து ஆசையாகத் தெரிகிறது? அக்கா கம்மலைக் கழற்றியது ஆசைக்கா?

இன்னொரு தோழர், பேராசிரியர், வேறு மாதிரி. "அதான் புது லேப்டாப் திட்டம் வந்துட்டுல்ல" என்றார். 2025 மார்ச் பட்ஜெட்டில் இரண்டு வருஷத்தில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு என்று அறிவித்தார்கள். கொடுக்கட்டும், இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வோம். புதுசும் பழசாகும் சார். அதுவும் ஒருநாள் தம்பி கைக்கு வரும், தங்கச்சி கைக்கு வரும். எங்கள் வீடுகளில் ஒரு பொருள் ஒரு ஆளோடு முடிவதில்லை. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவை நிறுத்தியது மைக்ரோசாஃப்ட். ஓடிக்கொண்டிருந்த எத்தனை லேப்டாப்புகள் அன்றைக்கு ஒரே நாளில் 'பழசு' ஆயின! பின் பிளாக் பையன்கள் அதற்கும் வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். லேசான லினக்ஸ் ஒன்றைப் பென்டிரைவில் வைத்துக்கொண்டு ராத்திரி ராத்திரி ஆளுக்கு ஆள் போட்டுக் கொடுக்கிறார்கள். அந்த இலவச லேப்டாப்புகளிலேயே சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் வந்தது, அதைத் தொடாமலே நாம் விட்டோம். அக்கா மகன் இதுவரை ஒன்பது லேப்டாப்புக்கு உயிர் கொடுத்திருக்கிறான். அவனைத்தான் சுற்றறிக்கை 'வேகத்தைக் கெடுப்பவன்' என்கிறது.

மனு எழுதினோம். நான் எழுதிக் கொடுத்ததை அவர்கள் திருத்தினார்கள், என் உரைநடையில் கவிதை நாற்றம் அடிக்கிறதாம். 65, 433, 6 என்ற எண்களையும் நூற்றெண்பது அறிவிப்புக் கணக்கையும் போட்டு, நாற்பத்தாறு பேரும் கையெழுத்திட்டார்கள். மற்றச் சாதிப் பையன்கள் ஐந்து பேரும்தான். முன் பிளாக்கிலிருந்து பதினோரு பேர். முதல்வர் வாங்கிப் பார்த்தார். "டெக்னிகல் விஷயம், கமிட்டி பாக்கணும்" என்றார். கமிட்டியில் பின் பிளாக் மாணவர் ஒருவரைச் சேர்க்கச் சொன்னோம். பேனாவை மூடிவைத்துவிட்டார்.

முதல் தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. வருகிற திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பின் பிளாக் மாணவர்கள் பழைய லேப்டாப்புகளைத் தூக்கிக்கொண்டு லைப்ரரிக்குள் போய், ஆக்சஸ் பாயிண்டுக்கு நேர் கீழே உட்கார்ந்து படிக்கப் போகிறார்கள். கோஷம் கிடையாது, படிப்பு மட்டும். பேட்டரி எல்லாம் செத்துவிட்டதால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் நிறைய வேண்டும், வருகிற தோழர்கள் ஆளுக்கு ஒன்று கொண்டுவாருங்கள். நான் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். அக்காவும் வருகிறாள், கம்மலைப் போட்டுக்கொண்டு.